பள்ளிக்கூடத்துக்கும் வோட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏறாவூர்த் தம்பிட கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவம். ஏறாவூர்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிரிக்கார், அப்படியே வாசிக்கிறன். "சேர், பள்ளிக்கூடம்தான் ஜனநாயகத்துக்கு அத்திவாரம் எண்டு போன வீடியோவில சொன்னீங்க. நான் பதினொரு வருசம் கவர்ன்மென்ட் ஸ்கூல்லதான் படிச்சன், எக்ஸாமுக்குப் பாடமாக்கினதத் தவிர ஒண்டும் ஞாபகமில்ல. வோட்டுப் போடுறது எப்படி எண்டு உம்மாதான் காட்டித்தந்தாங்க. மறுகா என்னத்துக்கு ஸ்கூலுக்கு இவ்வளவு பெருமை?"

தம்பி, கொஞ்சம் கோபத்தோட கேட்டிரிக்கீங்க, அந்தக் கோபம் எனக்கு விளங்குது. ஆனா கொஞ்சம் பின்னால போய்ப் பார்ப்பம். நம்மட இலங்கையில ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வோட்டு வந்தது 1931ல. அந்தக் காலத்தில பேர் வாசிக்கத் தெரியாத சனம் எவ்வளவோ பேர். அதால ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில ஒரு பெட்டி, அதுக்குள்ள வோட்டைப் போடுற. நான் அடிக்கடி யோசிப்பன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால உள்ள படுவான்கரையில வயல் வேலை முடிச்சு வந்த ஒரு அம்மா அந்தப் பெட்டிகளுக்கு முன்னால நிண்டு நிறத்தப் பார்த்து நாட்டை யார் ஆளணும் எண்டு முடிவெடுக்கிறா, அவக்கு உரிமை வந்துட்டு ஆனா அந்த ஆள் என்ன சொல்லி வோட்டுக் கேக்கிறான் எண்ட நோட்டீஸை வாசிக்க வழியில்ல. அப்ப கல்வி மந்திரியா இரிந்த கன்னங்கராட கமிட்டி இலவசக் கல்வி வேணும் எண்டு அறிக்கை குடுத்தது 1943ல, அது நடைமுறைக்கு வந்தது 1945 ஒக்டோபர் 1ல. அப்ப கணக்குப் பாருங்க, வோட்டு முன்னால வந்துட்டு, பள்ளிக்கூடம் பதினாலு வருசம் பிந்தித்தான் எல்லாருக்கும் கதவைத் திறந்திச்சு. அந்தக் கன்னங்கராவையே 1947 எலக்சன்ல சனம் தோக்கடிச்சிட்டு, ஆனா அவர் திறந்த கதவை அதுக்குப் பிறகு ஆராலயும் மூட ஏலாமப் போயிட்டு.

இப்ப உம்மா காட்டித்தந்த கதைக்கு வாறன். உம்மா சொல்லித்தந்தது நல்ல விசயம், அதைக் குறைச்சுச் சொல்லல்ல. ஆனா வீட்டில படிக்கிறது அனேகமா என்ன தம்பி? ஆருக்குப் போடணும் எண்டுதான். நம்மட ஆள், நம்மட ஊர், நம்மட கட்சி. எனக்கும் எங்கட அப்பா அதைத்தான் சொல்லித்தந்தவர். வீடு எண்டா எல்லாரும் ஒரே பக்கம் நிக்கிற இடம். நமக்குப் புடிக்காத ஒருத்தன் நியாயமா வெண்டா அவனை ஏத்துக்கிறது எப்படி, நாம தோத்தாலும் நாளைக்கு அவனோட ஒரே வாங்கில இருந்து சோறு திங்கிறது எப்படி, இதை வீடு படிப்பிக்காது, அதுக்குத் தோதான ஆக்கள் வீட்டில இல்லயே. சொந்தக்காரர் இல்லாத முப்பது நாப்பது புள்ளயளோட ஒரு வகுப்பில இரிக்கிற இடத்திலதான் அது வரும்.

ஆனா வரும் எண்டு சொன்னா தானா வராது, அங்கதான் உங்கட கோபம் சரியாகுது. ஸ்கூல்ல குடியியல் பாடம் இரிக்கு, மாணவர் பாராளுமன்றம் இரிக்கு, வாக்குச்சீட்டு அடிச்சு, பெட்டி வெச்சு, எல்லாம் அசல் எலக்சன் மாதிரியே நடக்கும், அந்த அண்டைக்குப் புள்ளயள்ட முகத்தப் பார்க்கணும் நீங்க. நான் படிப்பிச்ச ஒரு ஸ்கூல்ல, பேர் வேணாம், ஒருக்கா எலக்சன்ல ஒரு மீன்புடிகாரர்ட மகன் ஆகக் கூடின வோட்டு எடுத்தான். எண்ணி முடிஞ்ச பிறகு ரெண்டு டீச்சர்மார் கதைச்சு, "இவன் மேடையில பேசமாட்டான், அதிதிமார் வருவாங்க" எண்டு வேற புள்ளையப் பிரதமராப் போட்டுட்டாங்க. நானும் அங்கதான் நிண்டன், வாய் திறக்கல்ல. இண்டைக்கும் அது எனக்கு உறுத்துது. ஏனெண்டா அண்டைக்கு அந்த வகுப்பில இரிந்த அவ்வளவு புள்ளயளும் ஒரு பாடம் படிச்சிட்டுதுகள், வோட்டு சும்மா ஒரு சடங்கு, முடிவை மேல உள்ளவங்க எடுப்பாங்க எண்டு. குடியியல் புத்தகத்தப் பத்துத் தரம் படிப்பிச்சாலும் அதை அழிக்க ஏலாது. மறுநாள் எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒண்டு வந்து "சேர், எண்ணின கணக்கை நோட்டீஸ் போர்ட்ல போடுவீங்களா" எண்டு கேட்டுது பாருங்க, அந்தக் கேள்விதான் தம்பி நான் சொல்ற ஜனநாயகக் கல்வி. அதைக் கேக்க விடுற ஸ்கூல்தான் வேணும்.

இன்னொண்டு, இது நம்மட கிழக்குக் கரைக்கே உள்ள பிரச்சினை. முஸ்லிம் ஆக்கள் அதிகமா உள்ள ஏறாவூருக்கும் தமிழ் ஆக்கள் அதிகமா உள்ள செங்கலடிக்கும் எவ்வளவு தூரம்? சைக்கிள்ல போயிட்டு வரலாம். காத்தான்குடி ஆரையம்பதியும் அப்படித்தான், கல்முனைப் பக்கம் சொல்லவே வேணாம். ஆனா தமிழ்ப் புள்ள ஒரு ஸ்கூல், முஸ்லிம் புள்ள ஒரு ஸ்கூல், ரெண்டும் தமிழ்லதான் படிக்குது, ஒரே சிலபஸ், ஒரே எக்ஸாம். கன பேர் வந்தாறுமூலை கம்பஸுக்கோ, அதான் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில்ல உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ போன பிறகுதான் முதல் தடவையா ஒருத்தனோட ஒருத்தன் இருந்து கதைக்கான். கம்பஸ் கிடைக்காதவன்? அவன் மற்ற ஊர்க்காரனை எலக்சன் மேடைப் பேச்சிலதான் தெரிஞ்சு வெச்சிரிக்கான். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு பாராளுமன்றத்தில அஞ்சு ஆசனம், அம்பாறைக்கு ஏழு, அதைப் பங்கு போடுற கணக்காத்தான் வோட்டே மனசில நிக்குது.

எல்லா ஸ்கூலையும் நாளைக்கே கலக்கச் சொல்லல்ல, அவங்கவங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரலாறு இரிக்கு, பயமும் இரிக்கு, எனக்கும் அது தெரியும். ஆனா மாணவர் பாராளுமன்றம் ரெண்டு ஸ்கூலும் சேர்ந்து மாசத்துக்கு ஒருக்கா கூடுறதுக்கு என்ன தடை? ஒரு நாள் ஏறாவூர்ல, ஒரு நாள் செங்கலடியில. ரெண்டு ஊருக்கும் பொதுவான விசயம் எவ்வளவு கிடக்கு, குப்பை, வெள்ளம், பஸ். அதைப் பத்தி புள்ளயள் வாதாடட்டும், கையை உயர்த்தி வோட்டெடுக்கட்டும், ஒரு பக்கம் தோக்கட்டும். தம்பி, நீங்க உங்கட பழைய மாணவர் சங்கத்தில இரிந்தா அடுத்த கூட்டத்தில இதை ஒருக்கா எழுப்பிப் பாருங்க. அதிபர் என்ன சொன்னார் எண்டு எனக்கு எழுதி அனுப்புங்க, அதை அடுத்த வீடியோவில கதைப்பம்.