சனிக்கிழமை மேஸ்திரி கொடுக்கும் வாக்கு

(சேலத்தில் கட்டட ஒப்பந்ததாரர்களும் பொறியாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பொறியாளர்களே, மேஸ்திரி அண்ணன்மார்களே, வணக்கம்.

நம் மாவட்டத்து மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. எந்த வேலைகள் தாமதித்தால் மொத்தத் திட்டமும் தாமதிக்கும் என்று காட்டும், இன்று எல்லோரும் பேசும் ‘கிரிட்டிகல் பாத்’ கணக்கே 1957வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில்தான் பிறந்தது. இன்று நம் சைட் ஆபீஸ் சுவர்களில் எந்த வேலை எந்த நாளில் என்று பட்டைகளாகக் காட்டும் பார் சார்ட் வண்ண வண்ணமாகத் தொங்குகிறது. அப்படியிருந்தும் வேலை ஏன் இழுக்கிறது?

தளத்துக்குக் கம்பி கட்டியாயிற்று. எலக்ட்ரீஷியன் பைப் போட வரவில்லை. அவர் வந்தால்தான் கான்கிரீட். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது, கொத்தனார் வேறு சைட்டுக்குப் போய்விடுகிறார், திரும்பி வர ஒரு வாரம். இதில் யாரும் சோம்பேறி இல்லை. ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருந்ததிலேயே நாள் போய்விட்டது.

கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1990களில் கட்டுமான சைட்டுகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். இந்த வாரம் முடியும் என்று திட்டமிட்ட வேலைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் முடிந்திருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘லாஸ்ட் பிளானர்’ முறை. நாளைக்கு எந்த வேலை நடக்கும் என்று கடைசியாக முடிவு செய்பவர் மேஸ்திரி. ஆகவே வாரத் திட்டத்தை அவரே போடட்டும் என்கிறார்கள். நான் முழு மனதோடு நம்புவது இதைத்தான்.

செய்முறை எளிது. சனிக்கிழமை கூலி பட்டுவாடாவுக்கு எல்லோரும் வருகிறார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்னால் கூட்டுங்கள். அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று கம்பி வேலைக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் அவரவர் வாயால் சொல்லட்டும். “முடியாதுங்க சார்” என்று சொல்லவும் அவருக்கு உரிமை வேண்டும். அந்த ஒரு சொல்தான் உங்களைக் காப்பாற்றும். அடுத்த சனிக்கிழமை எண்ணுங்கள்: 20 வேலை சொன்னோம், 11 முடிந்தது, 55 சதவீதம். முடியாத ஒன்பதுக்கும் காரணம் எழுதுங்கள். எம்-சாண்ட் வரவில்லையா, வரைபடம் கைக்கு வரவில்லையா, வீட்டுக்காரர் டைல்ஸ் தேர்வு செய்யவில்லையா? கூடவே, அடுத்த ஆறு வாரத்து வேலைகளையும் பார்த்து, எது எதை மறித்து நிற்கிறதோ அதை இப்போதே நீக்கத் தொடங்குங்கள்.

இந்த எண்ணை வைத்து யாருக்கும் அபராதம் போடாதீர்கள். கூலியில் கை வைத்தால் அடுத்த வாரமே ஆட்கள் சின்னச் சின்ன வேலைகளாக வாக்குக் கொடுப்பார்கள். நோட்டில் 100 சதவீதம் வரும், கட்டடம் அதே இடத்தில் நிற்கும்.

வேலையை மறிப்பதை நீக்கினால் நாள் எப்படிக் குறையும் என்பதற்கு ஒரு உதாரணம். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் உடைந்தது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாளில் முடிந்தது. பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டர் புதிதாக வரும்வரை காத்திராமல், கடலுக்குள் போன கர்டர்களையே மீட்டுப் பொருத்தினார்கள்.

2001இல் மென்பொருள்காரர்கள் அறிவித்த ‘அஜைல்’, அதாவது சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்து அவ்வப்போது திட்டத்தை மாற்றிக்கொள்ளும் முறை, நமக்கும் உதவுமா என்று சிலர் கேட்கலாம். போட்ட அஸ்திவாரத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற முடியாது. ஆனால் தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடியே பேசிக்கொள்ளும் பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவும் வரட்டும். நீங்கள் எழுதி வைத்த காரணங்கள் இருந்தால்தான் அதற்குப் படிக்க ஏதாவது இருக்கும்.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன ‘பிரீ-மார்ட்டம்’ எனக்குப் பிடித்த இன்னொரு வழி. வேலை தொடங்கும் முன்பே, அது கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் கெட்டது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ஏற்காட்டில் ஒரு விடுதி கட்டுவதாக வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு லாரி டிரைவரை அவசியம் கூப்பிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, மழையில் மண் சரிந்தால் பாதை அடைப்பு, நீளக் கம்பி ஏற்றிய வண்டி எந்த வளைவில் திணறும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆளுக்கு ஒரே ஒரு சைட்டில் இந்தச் சனிக்கிழமை தொடங்குங்கள். மூன்று மாதக் காரணப் பட்டியலோடு இதே அரங்குக்கு வாருங்கள். சேலத்தில் வேலை எதனால் நிற்கிறது என்று எல்லாப் பட்டியலையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம். நன்றி, வணக்கம்.