ஆறு நிலையங்களுக்கு எத்தனை பயணச்சீட்டு?

வணக்கம் நேயர்களே. குன்னூரில் பல வருடம் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவன் நான். வரிசை மாற்றங்கள் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சார், இதுக்கு எந்தச் சூத்திரம் போடணும்?" சூத்திரம் அப்புறம். முதலில் அவர்களை மலை ரயிலில் ஏற்றிவிடுவேன்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை. மொத்தம் 6 நிலையங்கள். எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று வைத்துக்கொண்டால், எத்தனை விதமான பயணச்சீட்டு அச்சடிக்க வேண்டும்? ஏறும் இடத்துக்கு 6 வாய்ப்பு. ஏறிய இடத்திலேயே இறங்கப் போவதில்லை, அதனால் இறங்கும் இடத்துக்கு 5. ஆறைந்து முப்பது.

உடனே ஒரு பையன் எழுந்திருப்பான். "15 தானே சார்? கேத்தி–உதகை, உதகை–கேத்தி ரெண்டும் ஒண்ணுதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருப்பேன். தூரம் ஒன்றுதான், சரி. ஆனால் கேத்தியிலிருந்து உதகைக்கு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு உதகையில் ஏறினால் பரிசோதகர் விடுவாரா? முன்பின் மாற்றினால் வேறு பயணம் ஆகிவிடுகிறது. அப்படி ஆனால் அது வரிசை மாற்றம். அதே 6 நிலையங்களில் வெள்ளையடிக்க 2 நிலையங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்? கேத்தியும் உதகையும் என்றாலும், உதகையும் கேத்தியும் என்றாலும் அதே இரண்டு கட்டடங்கள். இங்கே 15 சரி. இது சேர்வு. விடைத்தாளில் பெருக்கல் தப்புவது குறைவு. பிள்ளைகள் இடறுவது இந்த இடத்தில்தான்.

இது நம் நாட்டில் பழைய கணக்கு. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில், திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை உருவம் என்று கேட்கிறார். முதல் கைக்கு 4, அடுத்ததற்கு 3, பிறகு 2, கடைசிக்கு 1. பெருக்கினால் 24. பத்துக் கைகளில் பத்துப் பொருள் ஏந்திய சிவனுக்கு? 36,28,800. கூடியது ஆறே கைகள்! எத்தனை முறை நடத்தினாலும் கரும்பலகையில் இந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சிலிர்க்கும்.

நிபந்தனை போட்ட கணக்குகளுக்கு நம் தமிழே போதும். குன்னூர் என்ற சொல்லில் கு, ன், னூ, ர் என்று நான்கு எழுத்துகள். இடம் மாற்றினால் 24 வரிசைகள். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்றால்? மெய்யெழுத்து முதலில் வராது, னகர வரிசையும் வராது. மிஞ்சுவது கு ஒன்றுதான். நிபந்தனை எந்த இடத்துக்கோ அந்த இடத்தை முதலில் நிரப்பிவிடுங்கள். மற்ற மூன்று எழுத்துகளும் 3 பெருக்கல் 2 பெருக்கல் 1, அதாவது 6 விதமாக அமையும்.

இன்று இரவு அந்த ஆறையும் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதில் ஒன்று நம் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. வணக்கம்.