ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் அவர்களே, என் தகுதிக்கு மீறிய புகழ்மாலையைச் சூட்டிய துறைத்தலைவர் அம்மையார் அவர்களே, அலுவல்களுக்கிடையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் முதல்வர் ஐயா அவர்களே, ஆய்வுக்கூட உதவியாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

கணினியின் இயங்குதளம் தான் கண்ட இணைய இணைப்புகளை எங்கே குறித்து வைக்கிறது, எவ்வளவு வைக்கிறது, எப்போது அழிக்கிறது என்ற மூன்றையும் பேச ஒப்புக்கொண்டேன். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார் என் பாட்டி.

எங்கே என்பது சுருக்கமானது. ஒரே அளவுள்ள பொருள்களுக்கென நினைவகப் பக்கங்களை முன்கூட்டியே கூறுபோட்டு வைக்கும் ஸ்லாப் முறையை, சன் என்ற கணினி நிறுவனத்தின் பொறியாளர் ஜெஃப் பான்விக் 1994இல் விவரித்தார். லினக்ஸ் இயங்குதளமும் அவ்வழியே, கண்காணிக்கும் இணைப்பு ஒன்றுக்குச் சுமார் 320 பைட் ஒதுக்குகிறது.

எவ்வளவு என்பதற்கு ஒரு கதை உண்டு. தேர்வு முடிவு வெளியான நாளில், ஒரு கல்லூரி விடுதியில் இணையம் நின்றுவிட்டதென்று இரவு எட்டு மணிக்கு என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், முன்பே கிரிக்கெட் ஆட்டத்தைத் திறந்து வைத்திருந்த பையனுக்கு அது தடையின்றி ஓடுகிறது. மதிப்பெண் பார்க்கப் புதிதாகத் திறப்பவனுக்குப் பக்கம் வரவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார் காவலாளி; நான்கைந்து நாளுக்கொரு முறை அவர்தான் அந்த வைத்தியத்தைச் செய்து வந்திருக்கிறார். விடுதியை இணையத்தோடு இணைக்கும் வாயில் கணினியின் பதிவில் ‘டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்’, அதாவது ஏடு நிரம்பிவிட்டது, வரும் தரவுப் பொதியைக் கைவிடுகிறேன் என்ற வரி அடுக்கடுக்காக விழுந்திருந்தது. நினைவகமோ பாதிக்கு மேல் காலி! இணைப்புகளைக் குறித்து வைக்கும் அந்த இணைப்பேட்டின் உச்சவரம்பு 65,536 இணைப்புகள். முழுக்க நிரம்பினாலும் இருபது மெகாபைட்தான். நிரப்பியவையோ, விடைபெறாமல் அணைந்துபோன செல்பேசிகளின் இணைப்புகள். டிசிபி என்ற இணைய நெறிமுறையில் நிலைபெற்ற இணைப்பு பேச்சுமூச்சின்றிக் கிடந்தாலும் 4,32,000 விநாடி, அதாவது ஐந்து நாள், ஏட்டில் இருக்கட்டும் என்பது லினக்ஸின் இயல்பமைப்பு. அதை ஒரு மணி நேரமாக்கி, ஏட்டையும் ஒருமுறை துடைத்ததும் மதிப்பெண்கள் வந்தன. இணையம் வராமலேயே இருந்திருக்கலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அப்படியானால் வரம்பே வேண்டாமே என்பீர்கள். இது இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவகம், வட்டுக்கு மாற்ற இயலாதது. வெளியிலிருந்து பொய்முகவரிகளோடு வருபவன் அதை நிரப்பிவிட முடியும். அதுவும் ஒரு காரணமாக, 2012இல் வந்த லினக்ஸ் 3.6 பதிப்பில், எந்த முகவரிக்கு எந்த வழி என்று நினைவில் வைத்திருந்த ஐபிவி4 வழித்தடக் கேஷையே எடுத்துவிட்டார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும். அளக்க மாணவன் கையில் படி வேண்டாமா? ஸ்லாப் கணக்கைக் காட்டும் ஸ்லாப்இன்ஃபோ கோப்பைப் படிக்கவே, கணினியின் முழு அதிகாரமான ரூட் உரிமை வேண்டும். நம் ஆய்வுக்கூடங்களிலோ அந்தக் கடவுச்சொல் பூட்டிய அலமாரியில் கிடக்கிறது. மாணவனுக்கு ஒரு பழைய கணினியும் அதன் ரூட் உரிமையும் கொடுங்கள் என்று மேடைதோறும் கேட்டு வருகிறேன்.

எப்போது அழிப்பது என்பதை விரிப்பதற்குள் தலைவர் மணியடித்துவிட்டார். மாடிப்படிக்கு அடியில் துணி போர்த்திக் கிடக்கும் கணினிகளை முதல்வர் ஐயா விடுவித்தால், லினக்ஸை நிறுவித் தர வருகிற சனிக்கிழமை நானே வருகிறேன்.