தோலில் கட்டி, நெஞ்சில் இளைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

உடம்பெங்கும் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி உள்ளவர்களைப் பேருந்திலோ சந்தையிலோ பார்த்திருப்பீர்கள். பலரும் அதைக் கொழுப்புக் கட்டி என்று நினைக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி உட்காருபவர்களும் உண்டு. ஒட்டவே ஒட்டாது. பெரும்பாலும் அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறு. 17ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாகி, நரம்பின் உறையிலிருந்து கட்டிகள் கிளம்புகின்றன. சுமார் 3000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் பாதிப் பேரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை.

இவர்கள் தோல் மருத்துவரிடம் போவார்கள், நரம்பு மருத்துவரிடம் போவார்கள். நெஞ்சக மருத்துவர்களான எங்களிடம் வந்து சேர்வது கடைசியில்தான். நாற்பது, ஐம்பது வயதில், "மாடி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர், வயசாயிடுச்சுல்ல" என்பார்கள். ஐம்பது வயது அப்படி ஒன்றும் மூச்சு வாங்கும் வயதில்லை.

இந்த நோயாளிகளில் சிலருக்கு நுரையீரலே பாதிக்கப்படுகிறது. சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் மேல்பகுதியில் மெல்லிய சுவர் கொண்ட காற்றுப் பைகள் தெரியும். அடிப்பகுதி தழும்பேறி விறைத்திருக்கும். நம் ஊரில் மேல்பகுதியில் ஓட்டை என்றால் முதலில் நினைவுக்கு வருவது டி.பி. அதில் தவறில்லை. ஆனால் சளியில் கிருமி இல்லை, மருந்தும் கேட்கவில்லை என்றால், சட்டையைக் கழற்றித் தோலையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் இன்னொரு குழப்பம். மார்புத் தோலில் உள்ள கட்டியே நுரையீரலுக்குள் இருப்பதுபோல வட்டமாக விழும். அப்போது தோல் கட்டியின் மேல் ஒரு சின்ன உலோகப் பொட்டை ஒட்டி மறுபடி படம் எடுப்போம். வட்டமும் பொட்டும் ஒரே இடத்தில் விழுந்தால், அது வெளியே இருக்கும் கட்டி. அந்தக் குடும்பம் புற்றுநோய் பயத்தில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அப்புறம், ஆறு நிமிட நடைப் பரிசோதனை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டி, நீள வராந்தாவில் நடக்கவிடுவோம். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டியது, நடக்க நடக்க 90க்குக் கீழே இறங்கலாம். உட்கார வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் இது பிடிபடாது.

இந்தப் பாதிப்பு மரபணுவால் மட்டும் வருகிறதா, புகையும் சேர்ந்தா என்ற விவாதம் மருத்துவ உலகில் இன்னும் ஓயவில்லை. புகையே தொடாதவர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் புகை பிடித்தவர்கள்தான் அதிகம். தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. அதனால் இந்த நோய் உள்ள ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: பீடி, சிகரெட் வேண்டாம். மிச்சமிருக்கும் நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ள நம் கையில் இருக்கும் பெரிய வழி அதுதான். வீட்டில் மற்றவர்கள் விடும் புகையும் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா இளைப்புக்கும் காரணம் இதுவே என்றும் சொல்லிவிட முடியாது. முதுகுத்தண்டு வளைந்து மார்புக்கூடு நெருக்கலாம். நெஞ்சுக்குள் ஒரு நரம்புக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். அரிதாக நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். இதில் கால் வீங்கும், தலை சுற்றும். எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கட்டி ஒன்று திடீரென வேகமாகப் பெருத்து, கல்லாகி, வலித்தால் தள்ளிப்போடாதீர்கள். அது புற்றாக மாறியிருக்கலாம். அந்தப் புற்று நுரையீரலுக்குப் பரவக்கூடியது.

கடைசியாக, நான் சொன்ன காற்றுப் பை சில நேரம் வெடித்துவிடும். ஒரு பக்க நெஞ்சில் சுருக்கென்று வலி, உடனே மூச்சுத் திணறல். வாயுப் பிடிப்பு என்று கஷாயம் குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் முதல் பேச்சாகவே, "எனக்கு நரம்புக் கட்டி நோய் இருக்கிறது, நுரையீரலில் பை இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். பழைய சி.டி. படம் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

வணக்கம்.