19.72 விநாடி: பியெத்ரோ மென்னேயா 200 மீட்டரை எங்கே ஜெயித்தார்?

[திரை: மெக்சிகோ சிட்டி, 1979 செப்டம்பர் 12. கடிகாரத்தில் 19.72]

200 மீட்டர் உலக சாதனை. ஓடியவர் இத்தாலியின் பியெத்ரோ மென்னேயா. இதை முறியடிக்க அமெரிக்காவின் மைக்கேல் ஜான்சன் 1996 ஜூன் 23 அன்று 19.66-ல் ஓட வேண்டியிருந்தது. அதாவது 16 வருஷம் 9 மாதம் யாராலும் அதை முறியடிக்க முடியவில்லை.

மென்னேயா என்றாலே எல்லோரும் இந்த 19.72-ஐத்தான் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஓட்டக்காரர் என்று தெரிய வேண்டுமென்றால், அதைவிட அரை விநாடி மெதுவான இன்னொரு ஓட்டத்தைப் பார்க்கணும். அதற்கு முன்னால் இந்த 19.72-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

[திரை: 200 மீட்டர் டிராக்கின் வரைபடம், வளைவு சிவப்பு, நேர்ப்பாதை நீலம்]

முதல் 100 மீட்டர் வளைவு: 10.34 விநாடி. அடுத்த 100 மீட்டர், பெரும்பாலும் நேர்ப்பாதை: 9.38 விநாடி. இரண்டாவது பாதி வேகமாக இருப்பதில் மர்மம் ஒன்றுமில்லை. முதல் பாதியில் பிளாக்கிலிருந்து, அதாவது கால் ஊன்றும் கட்டையிலிருந்து, அசைவில்லாத நிலையில் கிளம்பணும். இரண்டாவது பாதிக்குள் நுழையும்போதே கால்கள் முழு வேகத்தில் இருக்கும்.

எட்டு நாள் முன்பு, செப்டம்பர் 4 அன்று, அதே மெக்சிகோ சிட்டியில் அவர் நேரான 100 மீட்டரை 10.01-ல் ஓடியிருந்தார். அது அப்போது ஐரோப்பிய சாதனை. அதோடு 10.34-ஐ ஒப்பிட்டால் வித்தியாசம் 0.33 விநாடி. வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்து, மையவிலக்கு விசையோடு மல்லுக்கட்டி ஓடுவதற்கான விலை இதில் பெரும்பங்கு. மீதி, 200-க்காகக் கொஞ்சம் சேமித்து வைத்தது.

இனி ஊரின் உதவி. மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருக்கும், எதிர்ப்பு குறையும். கூடவே பின்காற்று விநாடிக்கு 1.8 மீட்டர், சாதனைக்கு அனுமதி 2.0 வரை. ஒரு சின்ன விஷயம்: 200 மீட்டரில் காற்றை முழு ஓட்டத்துக்கும் அளப்பதில்லை. முதல் ஆள் நேர்ப்பாதையில் நுழைந்த நொடியிலிருந்து 10 விநாடிக்குத்தான் அளப்பார்கள்.

அப்படியானால் இது மலை கொடுத்த சாதனையா? கொஞ்சம், ஆமாம். ஆனால் அவர் முறியடித்த 19.83-உம், 1968 ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித் ஓடியது, இதே ஊரில் வந்ததுதான். அடுத்த வருஷம், 1980 ஆகஸ்ட் 17 அன்று, கடலோரத்தில் இருக்கும் தன் சொந்த ஊர் பார்லெட்டாவில் மென்னேயா 19.96 ஓடினார். உயரத்தின் உதவி இல்லாமலேயே 20 விநாடிக்குள். சந்தேகப்படுபவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

[திரை: மாஸ்கோ, 1980 ஜூலை 28]

இப்போது அந்த மெதுவான ஓட்டம். மாஸ்கோ ஒலிம்பிக் ஃபைனல். அமெரிக்கர்கள் புறக்கணித்துவிட்டார்கள். இத்தாலிய அரசும் புறக்கணிப்புப் பக்கம்தான். வீரர்கள் சொந்தக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் வந்திருந்தார்கள். 100 மீட்டரில் மென்னேயா ஃபைனலுக்கே வரவில்லை. 200-ல் கிடைத்தது எட்டாவது லேன், அதாவது வெளிப்பக்கக் கடைசி ஓடுபாதை.

எட்டாவது லேனில் ஒரு நன்மை, ஒரு தொல்லை. வழக்கமான டிராக்கில் முதல் லேன் ஓட்டக்கோட்டின் ஆரம் 36.8 மீட்டர், எட்டாவதில் சுமார் 45 மீட்டர். வளைவு இளகுவதால் கால்களுக்குச் சுமை குறைவு. தொல்லை என்னவென்றால், தொடக்கக் கோடு முதல் லேனைவிட 26.5 மீட்டர் முன்னால் இருக்கும். முன்னால் துரத்த ஒருத்தரும் இல்லை. யார் எங்கே வருகிறார் என்று பார்க்கணும் என்றால் திரும்பணும், திரும்பினால் போச்சு.

பக்கத்து ஏழாவது லேனில் பிரிட்டனின் ஆலன் வெல்ஸ். மூன்று நாள் முன்புதான் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர். அவர் தொடக்கம் கிட்டத்தட்ட 3.8 மீட்டர் பின்னால். வளைவு முடிவதற்குள் அதை மொத்தமாக அடைத்து மென்னேயாவைத் தாண்டிவிட்டார். நேர்ப்பாதைக்கு வரும்போது சுமார் இரண்டு மீட்டர் வித்தியாசம்.

பலர் உடைவது இந்த இடத்தில்தான். பக்கத்தில் ஒருத்தர் கடந்து போனதும் தோள் மேலே ஏறும், தாடை இறுகும், காலடி நீளம் குலையும். மென்னேயா குலையவில்லை. வீடியோவில் அவர் கடைசியில் வேகம் கூட்டியதுபோல் தெரியும். அது கண்ணின் ஏமாற்று. 200 மீட்டரின் கடைசிப் பகுதியில் எல்லோருக்கும் வேகம் குறையும். அவருக்குக் குறைவாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

[திரை: மென்னேயா 20.19, வெல்ஸ் 20.21, ஜமைக்காவின் டான் குவாரி 20.29]

0.02 விநாடி. அந்த வேகத்தில் அது ஒரு சாண் தூரம். கோட்டைத் தாண்டியதும் விரலை உயர்த்திக்கொண்டு ஓடினாரே, அந்தப் படம் இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும்.

குலையாத அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பயிற்சியாளர் கார்லோ வித்தோரியிடமிருந்து. ஃபோர்மியா பயிற்சி மையத்தில், குறுகிய ஓட்டங்களைத் தொகுதி தொகுதியாக, ஓய்வு பத்தாத அளவில் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் முறை. களைத்த காலிலும் காலடி கெடாமல் ஓடப் பழக்குவதே நோக்கம். பிளாக்கிலிருந்து கிளம்புவது அவருக்குக் கடைசிவரை பலவீனம்தான். ஆனால் 1978 ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வாங்கியவர் அவர். அந்த 400-இன் தாங்கும் திறன்தான் 200-இன் பின்பாதியில் வேலை செய்தது. அதே வருஷம் பிராகில் ஐரோப்பிய 100, 200 இரண்டுமே அவருடையது.

ஒலிம்பிக் 200 ஃபைனல்கள்: 1972 மியூனிக்கில் வெண்கலம், 1976 மாண்ட்ரியலில் நான்காவது, 1980 தங்கம், 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஏழாவது. தொடர்ந்து நான்கு ஃபைனல். 1988 சியோலில், 36 வயதில், இத்தாலியக் கொடியை ஏந்தி நடந்தார். முதல் சுற்றோடு விலகிக்கொண்டார். பிறகு வழக்கறிஞர், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். 2013 மார்ச் 21 அன்று ரோமில் இறந்தார்.

[திரை: 10.01 மேல் கோடு, 19.72 கோடில்லாமல்]

அவருடைய 10.01 இத்தாலிய சாதனையை ஃபிலிப்போ டோர்ட்டு 2018-ல் 9.99 ஓடி முறியடித்தார். 2021 டோக்கியோவில் மார்செல் ஜேக்கப்ஸ் 9.80-க்குக் கொண்டுபோய் ஒலிம்பிக் தங்கமே வாங்கினார். 200-இல் கதை வேறு. 2024 முடியும்போதும் இத்தாலிய சாதனைப் பட்டியலில் மட்டுமல்ல, ஐரோப்பிய சாதனைப் பட்டியலிலும் நின்றது அந்த 19.72தான்.