கோடு அச்சை வெட்டும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மனத்திலேயே வரைந்துவிடலாம்.

படுக்கையாக ஒரு கோடு, அது எக்ஸ் அச்சு. நிமிர்ந்து நிற்பது ஒய் அச்சு. இரண்டையும் வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு நேர்கோடு போகிறது. அதன் சமன்பாடு: 3 எக்ஸ் கூட்டல் 4 ஒய் சமம் 12. இது எக்ஸ் அச்சை எங்கே வெட்டும்?

பிள்ளைகளிடம் கேட்டால் பலர் உடனே எக்ஸுக்குப் பூச்சியம் போடுவார்கள். எக்ஸ் அச்சு என்றதும் கை தானாக எக்ஸிடம் போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதியை மனப்பாடம் செய்யச் சொன்னோமே தவிர, அந்த அச்சின் மேல் நின்று பார்க்கச் சொல்லவில்லை. நின்று பாருங்கள். வலப்பக்கம் நடக்கலாம், இடப்பக்கம் நடக்கலாம். எவ்வளவு தூரம் நடந்தாலும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒய் என்பது அந்த உயரம்தானே? அதனால் பூச்சியம் ஆவது ஒய். 3 எக்ஸ் சமம் 12, எக்ஸ் 4. ஒய் அச்சில் இதற்கு நேர்மாறு: எக்ஸ் பூச்சியம், ஒய் 3. இவற்றைத்தான் வெட்டுத்துண்டுகள் என்கிறோம்.

ஒய் சமம் 5 என்று ஒரு கோடு வந்தால்? ஒய்க்குப் பூச்சியம் போட்டால், பூச்சியம் சமம் 5 என்று வந்து நிற்கும். கணக்கு தப்பாகிவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். அந்தக் கோடு எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போகிறது, அதை வெட்டவே வெட்டாது. அதைத்தான் சமன்பாடு சொல்கிறது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த கோட்டுக்கு வருகிறேன். அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவைச் சூடாக்குகிறோம். 0 டிகிரி செல்சியஸில் அது 273 மில்லிலிட்டர் என்றால், 100 டிகிரியில் ஏறக்குறைய 373. வெப்பநிலையை எக்ஸ் அச்சிலும் கன அளவை ஒய் அச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். டிகிரிக்கு ஒரு மில்லிலிட்டர் ஏற்றம். ஒய் சமம் எக்ஸ் கூட்டல் 273.

ஒய்க்குப் பூச்சியம் போடுங்கள். எக்ஸ், மைனஸ் 273.

அதற்கும் கீழே போனால் கன அளவு எதிர்மறையாகிவிடும், அப்படி ஒன்று இருக்க முடியாது. ஆக, குளிர்ச்சிக்கு ஓர் அடித்தளம் உண்டு என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது! 1802இல் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லுசாக் வெளியிட்ட அளவுகளின்படி கோட்டை நீட்டினால் மைனஸ் 267 பக்கத்தில் வெட்டும். இன்றைய மதிப்பு மைனஸ் 273.15. உண்மையான வாயு எதுவும் அதுவரை வாயுவாகவே இருப்பதில்லை. ஹீலியம்கூட மைனஸ் 269 டிகிரி அருகே திரவமாகிவிடும். பென்சில் கோடு மட்டும்தான் மிச்சத் தூரம் போகிறது.

1848இல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, தனி வெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார். இன்றைய கெல்வின் அளவில் அந்த வெட்டுப்புள்ளிதான் பூச்சியம். நம் கோட்டை அந்த அளவில் மறுபடி வரைந்து பாருங்கள். 273 கெல்வினில் 273 மில்லிலிட்டர், 373இல் 373. ஒய் சமம் எக்ஸ். கோடு அதேதான், ஒய் அச்சைத்தான் 273 கட்டம் இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறோம்.