நீதிபோதனைப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள்

விழாத் தலைவர் அவர்களே, வாசலிலேயே நின்று எல்லோரையும் வரவேற்ற தாளாளர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பெரியோர்களே, கணினி ஆசிரியை அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். வர இயலாமல் போன கல்வி அலுவலர் அவர்களுக்கும் என் வணக்கம்.

இணைய ஒழுக்கம் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: விளையாட்டு எங்கே குற்றமாகிறது, கடவுச்சொல், பெற்றோர் கடமை. எந்த மேடையிலும் நான் சொல்வதுதான்: விளையாட்டு வினையாகும்!

1988 நவம்பர் 2. அமெரிக்காவில் ராபர்ட் மாரிஸ் என்று ஒரு மாணவர். அப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா? அந்நாட்டு அரசிலேயே கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி! (சிரிப்பு) கணினிக்குக் கணினி தானே தாவும் நிரல் ஒன்றை மகன் எழுதினார். அது எதையும் அழிக்காது. "இங்கே ஏற்கெனவே நம் ஆள் இருக்கிறானா?" என்று கேட்கும், "ஆம்" என்றால் விலகிவிடும். யாராவது பொய்யாக "ஆம்" என்றால்? அதற்காக, ஏழில் ஒரு முறை என்ன பதில் வந்தாலும் தங்கிவிடும்படி எழுதினார். அங்கேதான் வினை! நகல் மேல் நகல் குவிந்து கணினிகள் திணறின. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000. அவற்றில் 6,000 முடங்கியதாகக் கணித்தார்கள். பதறிய மாரிஸ் நண்பரிடம் சொல்ல, அவர் மன்னிப்பும் நிரலைத் தடுக்கும் வழியும் எழுதிப் பெயரில்லாமல் அனுப்பினார். வலையே அடைபட்டுக் கிடந்ததால் அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை! 1990-இல் தண்டனை: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்.

மாரிஸ் படித்தது கார்னெல் பல்கலைக்கழகத்தில், தடம் தெரியாதிருக்க நிரலை ஏவியது எம்.ஐ.டி. என்ற வேறோர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து. மறைக்கத் தெரிந்தவருக்குத் தவறென்று தெரியாதா? அறிவு போதாமல் நடந்ததல்ல இது.

நம் ஊரில் கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் யாரிடமோ கொடுத்துவிட்டு, மோசடிப் பணம் தன் கணக்கில் புரண்டபின் காவல் நிலையத்தில் நிற்கிறான் கல்லூரி மாணவன். தோழியின் கடவுச்சொல்லைத் திருடி நேர்மையற்ற நோக்கத்தோடு பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. விளையாட்டு வினையாகும்!

இதையெல்லாம் எந்தப் பாடவேளையில் பேசுவது? கால அட்டவணையில் நீதிபோதனை என்று இருக்கிறது. வகுப்புக்குள் வருபவரோ கணக்கு ஆசிரியர். (கைதட்டல்) அவர் கோபிக்கக் கூடாது. தேர்வு நெருக்கடி அவருக்கு. ஆனாலும் அந்த ஒரு பாடவேளை வேண்டும். நண்பன் திறந்து வைத்துவிட்டுப் போன செல்பேசியைப் படிக்கலாமா என்று பிள்ளைகளே அங்கே வாதாடட்டும்.

மணி அடித்துவிட்டது. மற்ற இரண்டு செய்திகளும் அடுத்த முறை. வாசல் மேசையில் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்தைத் தாளாளர் ஐயா போடுவார் என்று அவரைக் கேட்காமலேயே அறிவித்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.